சுற்றுப்புறத்தோடு இணையும் உணவகம்: பின்கட்டிலிருந்து முன்னோக்கித் திட்டமிடும் முறை

இயற்கையான இடத்தில் உணவகம் கட்ட நினைப்பவர்களில் பெரும்பாலோர் கூரையை வரைந்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குகிறார்கள். மூங்கில் தூண், மண் சுவர், மரத்தடியில் மேசை என்று முன்பக்கம் முழுவதும் முடிவாகிவிடும். சமையலறைப் புகை எங்கே போகும், எண்ணெய் கலந்த தண்ணீர் எங்கே இறங்கும், சரக்கு வண்டி எங்கே திரும்பும் என்ற கேள்விகள் பிறகுதான் வரும். அதற்குள் அவற்றுக்கு இடம் இருக்காது. உணவகத்தின் மின்சாரம், எரிபொருள், தண்ணீர், கழிவு எல்லாமே பெரும்பாலும் பின்கட்டில்தான் செலவாகின்றன. எனவே இந்த வழிகாட்டி பின்கட்டில் தொடங்கி முன்கட்டில் முடிகிறது. கணக்குகள் எல்லாவற்றுக்கும் 60 இருக்கை கொண்ட ஓர் உணவகத்தை உதாரணமாக எடுத்திருக்கிறோம்.

முன்கூட்டியே கையில் இருக்க வேண்டியவை

மனையின் மேடுபள்ளத்தைக் காட்டும் சமஉயரக் கோட்டு வரைபடம், அரை மீட்டர் இடைவெளியில். ஒவ்வொரு மரத்தின் இடமும் அடிமரச் சுற்றளவும் குறித்த பட்டியல். மழைக்காலத்தில் தண்ணீர் ஏறிய உயரம். நிலத்தடி நீரின் ஆழம், ஈரமான பருவத்தில் அளந்தது. ஓர் ஆண்டின் மாதவாரி மழையளவும் காற்றின் திசையும். கட்டட அனுமதி, தீயணைப்பு, கழிவுநீர் பற்றி அந்த இடத்துக்குரிய விதிகள்.

இவற்றில் ஒன்று குறைந்தாலும் வரையத் தொடங்காதீர்கள். குறிப்பாக நிலத்தடி நீரின் ஆழத்தைக் கோடையில் மட்டும் அளந்துவிட்டு நம்பினால், மழைக்காலத்தில் கழிவுநீர்த் தொட்டி மிதக்கும்.

1. கட்டக்கூடாத இடங்களை முதலில் குறியுங்கள்

வரைபடத்தில் கட்டடத்தை வைப்பதற்கு முன், எங்கே கட்டவே கூடாது என்பதைச் சிவப்பில் குறியுங்கள். மழைநீர் வழிந்தோடும் தடங்கள், ஓடைக்கரை, செங்குத்துச் சரிவு, மரங்களின் வேர்ப்பரப்பு ஆகியவை இதில் வரும்.

வேர்ப்பரப்புக்கு எளிய கணக்கு உண்டு. தரையிலிருந்து சுமார் ஒன்றரை மீட்டர் உயரத்தில் அடிமரத்தின் விட்டத்தை அளந்து 12-ஆல் பெருக்குங்கள். அதுதான் தொடக்கூடாத வட்டத்தின் ஆரம். 30 செ.மீ. விட்டமுள்ள மரத்துக்கு 3.6 மீட்டர். உறிஞ்சும் வேர்கள் பெரும்பாலும் மேல்மண்ணில்தான் பரவியிருக்கின்றன. அதன் மேல் மண் கொட்டி மேடாக்கினாலோ வண்டி ஏற்றி இறுக்கினாலோ வேருக்குக் காற்று போகாது. மரம் உடனே சாகாது. இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்துக் கிளை காயத் தொடங்கும்போது காரணம் யாருக்கும் நினைவிருக்காது. மரத்தைச் சுற்றி மேடை கட்டி மண் நிரப்புவது அழகாகத் தெரிந்தாலும் அந்த மரத்துக்கு அதுவே நஞ்சு.

2. நீர் உறிஞ்சும் சோதனை

கழிவுநீர் எங்கே முடியும் என்பதை மண்தான் தீர்மானிக்கிறது. எனவே இந்தச் சோதனை எல்லாவற்றுக்கும் முன்னால் வரவேண்டும். உறிஞ்சு பரப்பு (சுத்திகரித்த கழிவுநீர் மண்ணுக்குள் இறங்கும் இடம்) அமையப்போகும் ஆழத்துக்கு 30 செ.மீ. அகலக் குழி தோண்டி, முதல் நாளே நீர் நிரப்பி ஊறவிடுங்கள். மறுநாள் மீண்டும் நிரப்பி, அரைமணிக்கு ஒருமுறை எவ்வளவு இறங்கியது என்று அளந்து பாருங்கள். வேகம் மாறாமல் நிலைத்த பிறகு வரும் அளவுதான் சரியானது. காய்ந்த குழியில் நீர் ஊற்றி உடனே அளப்பதுதான் வழக்கமான தவறு. எந்த மண்ணும் முதல் முறை வேகமாகத்தான் குடிக்கும்.

25 மி.மீ. இறங்க ஒரு மணிநேரத்துக்கு மேல் ஆனால் அந்த மண் கழிவுநீரை ஏற்காது. ஒரு நிமிடத்துக்குள் இறங்கிவிட்டால் அதுவும் ஆபத்தே. சுத்தமாகாத நீர் நேராக நிலத்தடிக்குப் போய்விடும். குறைந்தது மூன்று இடங்களில் சோதியுங்கள், ஒரே மனையில் மண் மாறும்.

3. மெனுவை முடிவு செய்யுங்கள், பிறகு இருக்கை, பிறகு வண்டி

மெனு தெரியாமல் சமையலறை வரைய முடியாது. பொரிப்பும் சுடுவதும் அதிகமென்றால் புகைவழி பெரிதாகும். ஆவியில் வேகும் பண்டங்கள் என்றால் ஈரத்தை வெளியேற்றுவதே முக்கியம். என்னென்ன அடுப்பு, ஒவ்வொன்றும் எத்தனை கிலோவாட், எத்தனை மணிநேரம் எரியும் என்ற பட்டியல் இந்தக் கட்டத்திலேயே வேண்டும்.

இருக்கைக்கு 1.5 சதுர மீட்டர் வீதம் 60 இருக்கைக்கு 90 சதுர மீட்டர் சாப்பாட்டுக் கூடம். சமையல், கழுவுதல், சேமிப்பு மூன்றுக்கும் சேர்த்து 60 சதுர மீட்டர். கூடத்தை அழகாக்க ஆசைப்பட்டுச் சமையலறையைச் சுருக்கும்போது, பெட்டிகளும் சிலிண்டர்களும் குப்பை வாளிகளும் வெளியே வந்து நிற்கும். இயற்கைக் காட்சியை முதலில் கெடுப்பது அந்தக் குவியல்தான்.

அடுத்து வண்டி. நான்கு இருக்கைக்கு ஒரு கார் என்று வைத்தால் 15 கார்கள். திரும்பும் இடமும் சேர்த்து ஒரு காருக்கு 25 சதுர மீட்டர், மொத்தம் 375. கட்டடத்தைவிட இரண்டு மடங்குக்கும் மேல் நிலத்தைத் தின்பது வண்டி நிறுத்துமிடம்! கட்டடத்தை மறைக்கப் பாடுபடுபவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை. நிறுத்துமிடத்தைச் சாலையோரத்திலேயே முடித்துவிட்டு, விருந்தினரை நடக்க வையுங்கள். நடக்க முடியாதவர்களுக்கு வாசல் வரை ஒரு குறுகிய பாதையும் இரண்டு இடங்களும் போதும். தரைக்குத் தார் வேண்டாம். ஜல்லி அடுக்கின் மேல் துளையுள்ள கற்கள் பதித்தால் மழைநீர் உள்ளே இறங்கும்.

சரக்கு வண்டியும் கழிவை உறிஞ்சும் டேங்கரும் வந்து திரும்ப ஒரு பின்முற்றம் தனியாக வேண்டும். விருந்தினர் பாதை அதைக் கடக்கக்கூடாது.

4. சமையலறையை வையுங்கள்

இடம் தேட மூன்று நிபந்தனைகள்: பெரும்பாலான மாதங்களில் காற்று கூடத்திலிருந்து சமையலறைப் பக்கம் வீச வேண்டும், பின்முற்றத்தை ஒட்டி இருக்க வேண்டும், அங்கிருந்து கழிவுநீர் தானாக வழிந்து சுத்திகரிப்பு இடத்துக்குப் போக வேண்டும்.

மூன்றாவது நிபந்தனைக்கு மட்டக் கணக்கு தேவை. 100 மி.மீ. குழாய்க்கு நூற்றுக்கு ஒன்று வாட்டம் என்றால், 30 மீட்டர் ஓட்டத்தில் 30 செ.மீ. இறக்கம் போய்விடும். ஒவ்வொரு தொட்டியின் நுழைவுக்கும் வெளியேற்றத்துக்கும் இடையில் இன்னும் சில செ.மீ. போகும். எனவே கடைசித் தொட்டியின் மட்டத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டுச் சமையலறைத் தரைமட்டத்தை முடிவு செய்யுங்கள். தரையை முதலில் போட்டுவிட்டால் நிரந்தரமாகப் பம்ப் ஓட வேண்டியிருக்கும். மின்சாரம் நின்றால் கழிவுநீர் சமையலறைக்கே திரும்பும்.

சமையலறைக்கு மண் சுவரும் மூங்கிலும் பொருந்தாது. சுவர் கழுவக்கூடியதாக, தரையும் சுவரும் சேருமிடம் மூலையின்றி வளைந்ததாக, எல்லாமே தீப்பிடிக்காத பொருளாக இருக்க வேண்டும். செங்கல்லோ கான்கிரீட்டோ கொண்டு சமையலறையைத் தனிக் கட்டாகக் கட்டி, அதன் கூரையையும் கூடத்தின் கூரையிலிருந்து பிரித்துவிடுவதே நல்லது. இயற்கைப் பொருட்களைக் கூடத்தில் துணிந்து பயன்படுத்தும் சுதந்திரம் இந்தப் பிரிவினையால்தான் கிடைக்கிறது.

5. புகையும் காற்றும்

அதிகமானவர்கள் தோற்கும் இடம் இது.

அடுப்பு வரிசை 3 மீட்டர் என்றால் ஹூட் (அடுப்புக்கு மேல் புகையை இழுக்கும் கவிகை) இரு பக்கமும் 15 செ.மீ. நீண்டு 3.3 மீட்டர் இருக்க வேண்டும். முன்பக்கமும் அதேபோல் நீள வேண்டும். கீழ்விளிம்பு தரையிலிருந்து சுமார் 2 மீட்டர். நடுத்தரச் சூட்டுச் சமையலுக்கு இந்த ஹூட் விநாடிக்கு ஏறத்தாழ 1.5 கனமீட்டர் காற்றை இழுக்கும். 60 சதுர மீட்டர் பரப்பும் 3 மீட்டர் உயரமும் கொண்ட சமையலறையின் மொத்தக் காற்றும் இரண்டே நிமிடத்தில் வெளியே போகிறது.

அத்தனை காற்றும் எங்கிருந்தோ உள்ளே வந்தாக வேண்டும். வழி கொடுக்காவிட்டால் கதவிடுக்கு, கழிவறை, கூடம் என்று கிடைத்த இடத்திலிருந்து இழுக்கும். கூடத்தில் ஏ.சி. இருந்தால் குளிர்ந்த காற்றைக் காசு கொடுத்துப் புகைக்குழாயில் அனுப்புகிறீர்கள் என்று பொருள். வெளியேறும் காற்றில் 80 முதல் 90 சதவீதத்தை நேராக வெளியிலிருந்து சமையலறைக்குள் கொடுங்கள். மீதி கூடத்திலிருந்து வரட்டும். அப்போதுதான் வாசனை கூடத்துக்குப் பரவாது. வெளிக்காற்றை மெதுவாக, அகன்ற திறப்பு வழியே விட வேண்டும். ஹூட்டின் விளிம்பில் வேகமாக அடித்தால் புகை வெளியே சிதறும். சமையல்காரருக்கு வியர்க்கிறதே என்று மின்விசிறி மாட்டினாலும் அதே கதிதான்.

ஹூட்டிலிருந்து புகையை வெளியே கொண்டுபோகும் குழாயான டக்ட்டுக்குள் எண்ணெய்ப் படலம் சேரும். ஒருநாள் அது தீப்பிடிக்கும் என்று எண்ணித்தான் வடிவமைக்க வேண்டும். எரியக்கூடிய எந்தப் பொருளுக்கும் 45 செ.மீ. தள்ளி டக்ட் போக வேண்டும். ஓலை, நாணல், மூங்கில் வழியாக ஒருபோதும் துளைத்துச் செல்லக்கூடாது. திருப்பம் ஒவ்வொன்றிலும் சுத்தம் செய்யக் கதவு வையுங்கள். வெளிவாய் கூரைக்கு ஒரு மீட்டராவது மேலே, காற்று உள்ளே வரும் திறப்பிலிருந்து 3 மீட்டராவது தள்ளி இருக்கட்டும்.

காற்றின் அளவைக் குறைக்க நல்ல வழி, சூட்டைக் குறைப்பது. திறந்த எரிவாயு அடுப்பின் சூட்டில் பாதிக்கும் குறைவே பாத்திரத்தில் ஏறுகிறது, மீதி அறைக்குள் பரவுகிறது. இண்டக்‌ஷனில் சுமார் 85 சதவீதம் பாத்திரத்துக்குப் போகிறது. குளிர்பெட்டிகளின் சூட்டை வெளிவிடும் பகுதியான கன்டென்ஸரையும் வெளியே நிழலில் வையுங்கள். அந்தக் கழிவுச் சூட்டில் பாத்திரம் கழுவும் நீரை முன்கூட்டியே வெதுவெதுப்பாக்கிக்கொள்ளவும் முடியும்.

6. தண்ணீர் வரவு

ஓர் இருக்கைக்கு நாளொன்றுக்கு 70 லிட்டர் என்று திட்டமிட்டால் 4,200 லிட்டர். மழைநீரை மட்டும் வைத்து ஓட்டிவிடலாம் என்ற நம்பிக்கையை இங்கே சோதித்துப் பாருங்கள். ஒரு சதுர மீட்டரில் ஒரு மி.மீ. மழை ஒரு லிட்டர். தாழ்வாரம் உட்பட 180 சதுர மீட்டர் கூரையில் 25 மி.மீ. மழை பெய்தால், 15 சதவீதம் வீணானது போக சுமார் 3,800 லிட்டர் கிடைக்கும். ஒரு நல்ல மழை ஒரு நாளுக்கே போதவில்லை! ஆண்டுக்கு 1,000 மி.மீ. பெய்தாலும் மொத்தம் 36 நாள் தேவைதான் நிறைவேறும்.

மழைநீரைச் சேமிக்க வேண்டாம் என்பதல்ல இதன் பொருள். தேவையை முதலில் குறைத்துவிட்டு, பிறகு தொட்டியின் கொள்ளளவை முடிவு செய்யுங்கள். எச்சில் தட்டை அலசும் தெளிப்பான் நிமிடத்துக்கு 5 லிட்டருக்குள் இருக்கட்டும். உறைந்த பொருளை ஓடும் குழாயில் இளக்குவதை நிறுத்திவிட்டு முந்தைய இரவே குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வைக்கும் பழக்கம், எந்தக் கருவியையும்விட அதிகம் மிச்சப்படுத்தும். அதற்கு ஒரு தட்டு இடம் கூடுதலாகத் திட்டத்தில் இருக்க வேண்டும்.

கூரையிலிருந்து வரும் முதல் 1 முதல் 2 மி.மீ. மழையை ஒதுக்கிவிடுங்கள், இங்கே 180 முதல் 360 லிட்டர். பறவை எச்சமும் தூசியும் அதோடு போய்விடும். ஓலைக் கூரை நீர் பழுப்பு நிறமாக வரும், தோட்டத்துக்கு மட்டுமே ஆகும்.

7. கழிவுநீர்

இரண்டு குழாய் வரிசைகள் தேவை: சமையலறைக்கு ஒன்று, கழிவறைக்கு ஒன்று. கழிவறை நீர் கிரீஸ் ட்ராப்புக்குள், அதாவது எண்ணெயை மிதக்கவிட்டுப் பிரிக்கும் தொட்டிக்குள், போகவே கூடாது. சமையலறை நீர் கிரீஸ் ட்ராப்பைத் தாண்டாமல் வேறு எந்தத் தொட்டிக்கும் போகக்கூடாது.

கழுவுதொட்டிகளின் கொள்ளளவை வைத்துத்தான் கிரீஸ் ட்ராப்பைக் கணக்கிட வேண்டும். 60, 50, 30 செ.மீ. அளவுள்ள ஒரு தொட்டி 90 லிட்டர்; முக்கால் அளவு நிரம்பிய மூன்றையும் ஒரே நேரத்தில் திறந்தால் 200 லிட்டர் இரண்டு நிமிடத்தில் பாயும். கழுவுதொட்டிக்கு அடியில் வைக்கும் சின்னப் பெட்டி இதைத் தாங்காது. சுடுநீர் உள்ளே இருக்கும் கொழுப்பையும் உருக்கி அடுத்த தொட்டிக்குத் தள்ளிவிடும், அங்கே அது உறைந்து குழாயை அடைக்கும். எண்ணெய் மிதந்து பிரிவதற்கு நீர் அரைமணி நேரமாவது தங்க வேண்டும், ஆற வேண்டும். நெரிசல் நேரத்தில் சராசரியாக நிமிடத்துக்கு 30 லிட்டர் வந்தால் 900 லிட்டர் தேவை. 1,000 லிட்டர் தொட்டியை வெளியே, இரண்டு அறைகளாகக் கட்டுங்கள். வெளியேறும் குழாய் மேலிருந்து எடுக்காமல், கீழே இறங்கி நடுமட்டத்துக்குக் கீழிருந்து எடுக்க வேண்டும்.

மிதக்கும் கொழுப்பும் அடியில் படிந்த கசடும் சேர்ந்து ஆழத்தில் கால் பங்கை எட்டும்போது காலி செய்யுங்கள். மூடி டேங்கரின் குழாய்க்கு எட்டும்படி பின்முற்றத்தில் அமையட்டும். மூடியின் மேல் பூந்தொட்டி வைத்து மறைத்துவிட்டால் சுத்தம் செய்வது தள்ளிப்போய்க்கொண்டே இருக்கும்.

அதன்பின் படிவுத் தொட்டி, அதன்பின் தாவரப் படுகை. 60 செ.மீ. ஆழத்துக்கு ஜல்லி நிரப்பி, நாணலோ கல்வாழையோ நட்டு, நீர்மட்டத்தை மேற்பரப்புக்கு 5 முதல் 10 செ.மீ. கீழே நிறுத்தினால் கொசு வராது, நாற்றம் இருக்காது. வீட்டுக் கழிவுநீருக்குரிய பரப்பளவை இங்கே அப்படியே எடுக்காதீர்கள். உணவகக் கழிவுநீரில் கரிமச் சுமை (நீரில் கலந்த மக்கும் கழிவின் அளவு) பல மடங்கு அதிகம். பரப்பை அந்தச் சுமையை வைத்துப் பொறியாளர் கணக்கிட வேண்டும். மிச்சத்தை அரைத்துக் குழாயில் விடும் இயந்திரம் வேண்டாம், அது படுகையைத் திணறடிக்கும். கிணற்றிலிருந்து தூரம் விதிப்படி இருக்கட்டும். விதி எதுவும் இல்லாத இடத்திலும் 30 மீட்டர் விடுங்கள்.

8. கூடத்தின் வடிவம்

இப்போதுதான் கூடத்துக்கு வருகிறோம். மிஞ்சியிருக்கும் இடம் சிறியதாகவும் கோணலாகவும் இருக்கலாம். அந்தக் கோணலை ஏற்றுக்கொண்டு, மரங்களுக்கு இடையே இரண்டு மூன்று சின்னக் கூடங்களாகப் பிரிப்பதே நல்லது.

வெப்பமான இடங்களில் நீளமான பக்கம் வடக்கும் தெற்கும் பார்க்கட்டும். மேற்கு வெயில் தாழ்வாக வருவதால் எவ்வளவு தாழ்வாரம் நீட்டினாலும் உள்ளே நுழையும். அங்கே சுவர், மரம் அல்லது செங்குத்துத் தடுப்பு வேண்டும். நண்பகல் வெயிலின் உயரத்தை நீங்களே கணக்கிடலாம். வடக்கே 30 பாகை அட்சரேகையில் ஜூனில் 83.5 பாகை, டிசம்பரில் 36.5 பாகை. தெற்குத் தாழ்வாரத்தின் நீளத்தை இந்த இரு கோணங்களையும் வரைந்து பார்த்து முடிவு செய்தால், கோடையில் நிழலும் குளிரில் வெயிலும் கிடைக்கும்.

காற்று தாழ்வான திறப்பில் நுழைந்து உயர்ந்த திறப்பில் வெளியேறட்டும். மேல் திறப்பின் பரப்பு கீழ்த் திறப்புக்குக் குறையக்கூடாது.

சரிவில் மண்ணை வெட்டிச் சமப்படுத்தாதீர்கள். தூண்களின் மேல் தளம் அமைத்தால் மழைநீர் தன் வழியிலேயே போகும், வேரும் தப்பும்.

9. பொருட்கள்

மூன்று முதல் ஐந்து வயதான மூங்கிலை வெட்டி, போராக்ஸும் போரிக் அமிலமும் கலந்த நீரில் ஊறவைக்க வேண்டும். அந்த உப்பு மழையில் கரைந்துபோகும். எனவே ஒரு மீட்டர் தாழ்வாரமும், தரைக்கு மேல் 30 செ.மீ. கல் பீடமும் இல்லாமல் மூங்கிலை நிறுத்தாதீர்கள்.

மண் சுவருக்குச் சிமென்ட் பூசுவது அடிக்கடி காணும் பிழை. உள்ளே போன ஈரம் வெளியேற வழியின்றி, பூச்சு பாளம் பாளமாகக் கழன்று விழும். சுண்ணாம்புச் சாந்து ஈரத்தைச் சுவாசிக்க விடும். அழுத்திய மண்கற்களில் 5 முதல் 8 சதவீதம் சிமென்ட் சேர்க்கிறோம் என்றால் 28 நாள் ஈரம் காயாமல் பதப்படுத்த வேண்டும். அந்த நாட்களைக் கால அட்டவணையில் முன்பே எழுதுங்கள். ஓலைக் கூரையின் சரிவு 45 பாகைக்குக் குறைந்தால் நீர் தங்கி அழுகும்.

நிறத்துக்கு, மனையின் மண்ணையும் பாறையையும் ஈரமாக இருக்கும்போதும் காய்ந்த பின்னும் பாருங்கள். இரண்டுக்கும் நடுவே ஒரு நிறம் போதும்.

10. மின்சாரம்

மூன்றாம் கட்டத்தில் எழுதிய கருவிப் பட்டியல் இங்கே பயன்படும். எல்லாம் ஒரே நேரத்தில் ஓடாது. எந்த மணியில் எது ஓடும் என்று அட்டவணை போட்டு உச்சத்தைக் கண்டுபிடியுங்கள். நல்ல வெயிலுள்ள இடத்தில் ஒரு கிலோவாட் சோலார் பேனல் நாளுக்குச் சுமார் 4 யூனிட் தரும். உச்சத் தேவை இரவில் வருவதால், பகல் மின்சாரத்தை முதலில் குளிர் அறைக்கும் நீர் சூடாக்கவும் கொடுங்கள். பேனல் வைக்க மரம் வெட்ட வேண்டியிருந்தால், நிறுத்துமிடத்தின் மேல் பந்தலாக வையுங்கள்.

11. குப்பை

உரக்குழியில் உணவு மிச்சத்தோடு, கன அளவில் இரண்டு மூன்று மடங்கு காய்ந்த சருகு சேர வேண்டும். ஆகவே சருகு சேமிக்கும் கொட்டகை குழியைவிடப் பெரிதாக இருக்கும். குவியல் ஒரு கனமீட்டராவது இருந்தால்தான் 55 பாகை செல்சியஸுக்கு மேல் சூடேறிக் கிருமிகள் சாகும். சாண எரிவாயுக் கலன் போல உணவு மிச்சத்திலும் கலன் வைக்கலாம்: 20 கிலோ மிச்சம் சுமார் 2 கனமீட்டர் வாயு தரும், அது ஏறத்தாழ 0.9 கிலோ சமையல் எரிவாயுவுக்குச் சமம். எலும்பும் எலுமிச்சைத் தோலும் அதில் வேண்டாம். குப்பை அறைக்குத் தானாக மூடும் கதவு கட்டாயம். ஒருமுறை ருசி கண்ட காட்டு விலங்கு தினமும் வரும்.

12. இரவு வெளிச்சமும் கண்ணாடியும்

வெளிவிளக்குகள் கீழ்நோக்கி மட்டும், முழங்கால் உயரத்தில், 2,700 கெல்வினுக்கு மேற்படாத மஞ்சள் ஒளியில். மரத்தை நோக்கி அடிக்கும் விளக்கு ஒன்றுகூட வேண்டாம். கடை மூடியதும் தானாக அணையட்டும்.

பெரிய கண்ணாடியில் மரங்கள் பிரதிபலிக்கும். பறவைகள் அதைக் காடென்று நம்பி மோதிச் சாகும். கண்ணாடியின் வெளிப்புறத்தில் 5 செ.மீ. இடைவெளிக்கு மிகாமல் புள்ளிகளோ கோடுகளோ இருந்தால் தவிர்க்கும். மூலைக்கு ஒரு பருந்துப் படம் ஒட்டுவதால் பயனில்லை.

13. கட்டும்போது

வேலை தொடங்கும் நாளில் முதலில் வர வேண்டியது வேர்ப்பரப்பைச் சுற்றி உறுதியான வேலி. நாடா கட்டினால் மறுநாளே அதற்குள் மணல் கொட்டப்படும். சிமென்ட் கலவை கழுவிய நீர் காரத்தன்மை மிக்கது, அதற்கெனத் தனிக்குழி தோண்டுங்கள். மேல்மண்ணைத் தனியே குவித்து மூடிவைத்தால் கடைசியில் அதே இடத்தில் பரப்பலாம். அதில் உறங்கும் விதைகளே பாதித் தோட்டத்தை முளைக்க வைக்கும்.

14. திறப்பதற்கு முன்

எல்லா அடுப்பையும் ஏற்றி, கதவுகளை ஒருமுறை மூடியும் ஒருமுறை திறந்தும், ஹூட்டுக்கு அடியில் புகைத்திரி வைத்துப் பாருங்கள். புகை வெளியே வழிந்தால் மின்விசிறி வேகத்தைக் கூட்டாதீர்கள்; உள்ளே வரும் காற்றைச் சரிசெய்யுங்கள். கழுவுதொட்டிகள் மூன்றையும் ஒன்றாகத் திறந்துவிட்டு, கிரீஸ் ட்ராப்பின் இரண்டாவது அறையில் நீர் கொந்தளிக்கிறதா என்று பாருங்கள். சாரல் அடிக்கும் ஒரு மழைநாளில் ஒவ்வொரு மேசையிலும் உட்கார்ந்து பாருங்கள்.

சமையலறை, குளிர் அறை, விளக்குகள் மூன்றுக்கும் தனித்தனி மின் மீட்டர் வேண்டும்; சமையலறை, கழிவறை, தோட்டம் மூன்றுக்கும் தனித்தனி நீர் மீட்டர் வேண்டும். மொத்த மீட்டர் ஒன்று மட்டும் இருந்தால் கழிவறைத் தொட்டியின் கசிவைக்கூடக் கண்டுபிடிக்க முடியாது. வாரம் ஒருமுறை ஆறு எண்களையும், அந்த வாரம் சாப்பிட்டவர்களின் எண்ணிக்கையையும் ஒரே தாளில் எழுதி, அதைக் கழுவுமிடத்துச் சுவரில் ஒட்டுங்கள். தண்ணீர்க் குழாய் யார் கையில் இருக்கிறதோ அவர் பார்க்கும் இடம் அதுதான்.